நிலா மண்ணை எடுக்க எது சரி: கரண்டியா, குழாயா, துளைப்பானா?

திருவாரூர்ப் பக்கம் மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வரப்பு ஓரத்தையும் மர நிழலையும் விட்டுவிட்டு, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவத்தில் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டில் மண்ணைச் சீவி, எல்லாவற்றையும் கலந்து, அரை கிலோவாகக் குறைத்துப் பையில் போடுவோம். எவ்வளவு உரம் வேண்டும் என்று சொல்ல அது போதும். நிலாவில் அப்படிக் கலந்தால் பாதிச் செய்தி போய்விடும். எது மேலே கிடந்தது, எது கீழே கிடந்தது என்பதில்தான் அந்த மண்ணின் வரலாறே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கருவியிடமும் நான் கேட்பது இரண்டுதான்: அடுக்கு கலையாமல் வருமா? காற்றழுத்தம் ஏற்றிய உடையும் தடித்த கையுறையும் போட்ட ஆளால் அதைக் கையாள முடியுமா?

கையாள்வதில் கரண்டியை மிஞ்ச ஆளில்லை. 1969-இல் ஆம்ஸ்ட்ராங் இறங்கியதும், நீண்ட கைப்பிடியின் நுனியில் பை கட்டிய கருவியால் ஏறக்குறைய ஒரு கிலோ அள்ளித் தொடைப் பையில் வைத்துக்கொண்டார். அவசரமாகக் கிளம்ப நேர்ந்தாலும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காக. பிந்தைய அப்பல்லோ பயணங்களில் வந்த பெரிய கரண்டியின் தலையைச் சாய்த்து வைக்கலாம். நேராக வைத்தால் அள்ளலாம், மடக்கினால் நம் மண்வெட்டி போலப் பள்ளம் பறிக்கலாம். குனிய முடியாத உடையில் இது பெரிய வசதி. ஆனால் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். கை கொஞ்சம் வேகமாகப் போனாலே மண் சிதறிவிடும். அடுக்கும் கலைந்துவிடும்.

வாரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளியில் பற்கள். மண் ஒழுகிவிடும், சிறு கற்கள் தங்கும். கல் பொறுக்க நல்லது, மண்ணுக்கு உதவாது.

குழாயைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். தண்ணீர் பாய்ந்த டெல்டா வயலில் குழாயைக் கையால் அழுத்தினாலே இறங்கும். கோடையில் வெடித்துக் கிடக்கும் களியில் அது நடக்காது. நிலாவில் மேலே சில செ.மீ. பொலபொலப்பு, அதற்குக் கீழே இறுகிப்போன மண். உடல் எடையால் அழுத்தலாம் என்றால் அந்த எடையும் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே சுத்தியல்தான். அப்பல்லோ 11-இன் குழாய் முனை உட்பக்கம் குறுகியிருந்ததால் மண் நெருக்கப்பட்டு, சுமார் 13 செ.மீ.க்கு மேல் மண் ஏறவில்லை. அப்பல்லோ 12-இல் முனையை மாற்றினார்கள். அப்பல்லோ 15 முதல் குழாயின் சுவரை மெலிதாக்கி, உள்விட்டத்தை 2 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ.யாக்கினார்கள். சுவர் மெலிதானால் தள்ளி ஒதுக்க வேண்டிய மண் குறைவு, மாதிரியும் நசுங்காது. வடிவமைப்பு என்றால் இதுதான் என்பேன்.

அதன் பலன் 1972-இல் தெரிந்தது. அப்பல்லோ 17-இல் ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் ஷ்மிட் ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டார். கரண்டியால் அள்ளியது ஆரஞ்சைக் கொண்டுவந்தது. அதே இடத்தில் அடித்து இறக்கிய இரட்டைக் குழாய், ஆரஞ்சுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி மணிகள் கிடப்பதைக் காட்டியது. இரண்டும் பழைய எரிமலைப் பீறலில் தெறித்தவைதான். கரண்டி மட்டும் போயிருந்தால் அந்த வரிசை நமக்குத் தெரிந்திருக்காது.

ஆழம் வேண்டுமென்றால் பேட்டரித் துளைப்பான். அப்பல்லோ 17-இல் அது ஏறக்குறைய மூன்று மீட்டர் மாதிரி எடுத்தது. ஆனால் அப்பல்லோ 15-இல் தண்டு சிக்கிக்கொண்டு, ஸ்காட்டும் இர்வினும் சேர்ந்து மல்லுக்கட்டித்தான் வெளியே இழுத்தார்கள். அடுத்த பயணத்தில் தூக்குவதற்கு ஜாக்கி சேர்த்தார்கள். ஜாக்கி இல்லாத துளைப்பானுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

கருவியை எதில் செய்வது என்பதும் லேசான விஷயமில்லை. துத்தநாகச் சத்தைப் பார்க்கப் போகும் மண்ணைத் துத்தநாகம் பூசிய வாளியில் போடக் கூடாது என்பது இங்கே தெரிந்த விதி. அப்பல்லோ கருவிகளுக்கு அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு, டெஃப்லான் என்று பொருள்களைக் கட்டுப்படுத்தியதற்கும் காரணம் இதுவே. ஈயம் ஒட்டிக்கொண்டால் பாறையின் வயதைக் கணக்கிடுவதே கெட்டுவிடும்.

ஒரே ஒரு கருவிக்குத்தான் இடம் என்றால் நான் மெல்லிய சுவர்க் குழாயைத்தான் அனுப்புவேன். இன்னொன்றுக்கும் இடம் இருந்தால் கரண்டி. தென்துருவப் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2023-இல் சந்திரயான் 3-இன் வெப்பமானி, மேற்பரப்பு சுட்டாலும் சுமார் 8 செ.மீ. ஆழத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருப்பதைக் காட்டியது. குளிர்ந்த மண்ணில் இருப்பது ஆவியாகிப் போகாமல் வர வேண்டுமென்றால் குழாய்க்கு நல்ல மூடி வேண்டும். 1972-இல் நிலாவிலேயே மூடி முத்திரையிட்ட குழாய் ஒன்றை 2022-இல்தான் திறந்தார்கள். அடுத்த மூடியை வடிவமைப்பவர், தடித்த கையுறையோடு அதைத் தானே திருகிப் பார்த்துவிட்டுத்தான் வரைபடத்தை முடிக்க வேண்டும்.