ஸ்டொக்ஹோம் வானொலி, வெள்ளவத்தை பல்கனியில்

சுவீடனின் பொது வானொலி நிறுவனமான ஸ்வேரியஸ் ராடியோவின் கைத்தொலைபேசிச் செயலியை ஜூன் பிற்பகுதியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரை வெள்ளவத்தையிலிருந்து பயன்படுத்திப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். செயலி இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. அந்நாட்டு மக்கள் 2019 முதல் அனுமதிக் கட்டணத்துக்குப் பதிலாக வரியாகச் செலுத்தும் பணத்தில் நடக்கும் வானொலி அது. ஸ்டொக்ஹோமில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன் என்பதால் எனக்கு மொழி இடைஞ்சலாக இல்லை. சுவீடிஷ் தெரியாதவர்களுக்கு இதனால் அதிக பயன் இராது.

நான் முக்கியமாகக் கேட்டது 1959 முதல் கோடைதோறும் ஒலிபரப்பாகும் ‘சொமர்’ நிகழ்ச்சியை. நாளுக்கு ஒருவர், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், தம் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டே தாம் தெரிவுசெய்த பாடல்களையும் ஒலிக்கவிடுவார். அங்கே பகல் 1 மணி என்றால் நமக்கு மாலை 4.30. பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டைக் கடக்கும். பேசுபவர் குரல் தழுதழுக்கும் இடத்தில் இரண்டு வாக்கியம் அதில் அடிபட்டுப் போகும். மற்றபடி ஒலித் தெளிவில் குறை சொல்ல எதுவுமில்லை. மூச்சை உள்ளிழுப்பதுகூடக் காதில் விழுகிறது.

பேசுபவருக்கு இவ்வளவு இடம்விடும் பழக்கத்தைப் பற்றி நினைக்கும்போது எனக்கு லென்னார்ட் ஹீலண்ட்தான் நினைவுக்கு வருவார். 1919இல் திரனோஸ் என்ற சிற்றூரில் பிறந்து, வானொலியில் விளையாட்டு வர்ணனையாளராகப் பெயரெடுத்து, 1951 முதல் 1954 வரை ‘கருசெல்லன்’ என்ற வானொலி நிகழ்ச்சியை நடத்தியவர். 1962இல் தொலைக்காட்சிக்கு வந்த அவருடைய ‘ஹீலண்ட்ஸ் ஹோர்னா’ என்ற உரையாடல் நிகழ்ச்சி, இடைவெளிகளுடன் 1983 வரை நீடித்தது. அந்த முதல் ஆண்டிலேயே, இறுக்கமானவர் என்று மக்கள் எண்ணியிருந்த பிரதமர் தாகே எர்லாண்டர் அங்கு வந்து ஒரு பாதிரியாரைப் பற்றிய வேடிக்கைக் கதையைச் சொல்ல, அவரைப் பற்றிய நாட்டின் எண்ணமே மாறத் தொடங்கிற்று. கதை பிரதமருடையது, அதைச் சொல்லவிட்டது ஹீலண்டின் கெட்டித்தனம். 1993இல் அவர் காலமானார்.

என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்று. ‘சொமர்’ பொட்காஸ்ட் வடிவில் வரும்போது, உரிமைச் சிக்கல் காரணமாகப் பாடல்கள் சுருக்கப்படுகின்றன. இறந்துபோன தாயைப் பற்றிப் பேசி நிறுத்தியவர் எந்தப் பாட்டின் மீது சாய்ந்து அழுதாரோ, அந்தப் பாட்டு சில நொடிகளில் அறுபட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுகிறது. இலங்கை வானொலித் தமிழ்ச் சேவையில் பீ.எச். அப்துல் ஹமீத் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்தியதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சொல் முடிந்து பாட்டு எழும் அந்த மூட்டுவாயில்தான் அறிவிப்பாளரின் கைவண்ணம் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. (பின்னர் அவர் அதைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனார், வானொலியில் கேட்ட சுகம் வேறு என்பது என் பிடிவாதம்.)

எனவே, பொட்காஸ்டைத் தவிர்த்து நேரடி ஒலிபரப்பையே கேளுங்கள். வீட்டு வைஃபை இல்லாதவர்கள் டேட்டா மீதியைப் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. எனக்கு ஒருமுறை கடைசிப் பாட்டுக்குச் சற்று முன்னர் அது தீர்ந்துபோயிற்று.