கழற்றி மாட்டும் லக்கேஜ் கேரியர்: கிளாசிக் 350-இல் பொருத்திப் பார்த்தபின்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்திருக்கும் பலருக்குக் கேரியர் தேவைப்படுவது வெளியூர்ப் பயணங்களுக்கு மட்டுமே. மற்ற நாட்களில் அது வண்டியின் வடிவத்தைக் கெடுப்பதோடு, நெருக்கமான பார்க்கிங்கில் பக்கத்து வண்டியையும் உரசும். அதனால்தான், அடிச்சட்டம் வண்டியிலேயே தங்கிவிட, மேல்தட்டை மட்டும் எடுத்துவிடக்கூடிய கேரியரை வாங்கினேன். எனக்குத் திருப்தியே. ஆனால் இந்த வகையில் எதை வாங்கினாலும், கம்பியின் பருமனையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால் பூட்டும் இடங்களைப் பார்க்க வேண்டும் என்பதே என் முடிவு.

இதன் அமைப்பு எளிது. அடிச்சட்டத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு குமிழ்கள் இருக்கின்றன. மேல்தட்டின் வாய் திறந்த பள்ளங்கள் முன்னிரண்டு குமிழ்களில் சறுக்கி அமர, பின்னிரண்டையும் கொக்கிகள் கவ்விக்கொள்கின்றன. பிறகு சாவியைத் திருப்பிப் பூட்டிவிடலாம். குமிழ்களைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் என்னும் உறைதான் இதன் உயிர்நாடி. கடையிலேயே தட்டின் பின்முனையைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அதை வாங்க வேண்டாம். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வும் நம் சாலைகளின் குழிகளும் அந்தச் சிறிய ஆட்டத்தை நாளுக்கு நாள் பெரிதாக்கும். முதலில் பவுடர் கோட்டிங் தேயும், தேய்ந்த இடத்தில் துரு ஏறும், கடைசியில் அதிகச் சுமை தாங்கும் மூலையில் வெல்டிங் விரிசல் விடும்.

எனக்குக் குறையாகத் தோன்றியது, கேரியருடன் வந்த போல்ட்டுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக் காற்றில் அவை வெகு சீக்கிரம் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டன. அவற்றைக் கழற்றிவிட்டு, தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த, துத்தநாகம் பூசிய போல்ட்டுகளையும் நைலான் வளையம் வைத்த நட்டுகளையும் போட்டேன். சுமை தாங்கும் இடத்தில் சாதாரண எவர்சில்வர் போல்ட்டைப் போடச் சொல்கிறார்கள். துரு பிடிக்காது என்பது உண்மைதான் என்றாலும், வலிமையில் அது 8.8-க்கு ஈடாகாது.

சுமை ஏற்றுவதில் மிகுந்த கவனம் வேண்டும், ஏனெனில் இந்தக் கேரியர் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் அச்சை மையமாகக் கொண்டு முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஹேண்டில்பார் லேசாகி, வண்டி வளைவின் வெளிப்பக்கம் இழுப்பதை நன்றாகவே உணரலாம். தனியாகப் போகிறவர்கள் கனமான பையைப் பின்னிருக்கையில் கட்டிவிட்டு, தூங்கும் பை, மழைக்கோட்டு போன்ற லேசானவற்றை மட்டும் கேரியரில் வைப்பது நல்லது. பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்ற 6 படிகள் இருப்பதால், சுமைக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொள்ளவும் வேண்டும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். இழுத்து மாட்டும்போது கை நழுவினால் அந்தக் கொக்கி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். பக்கிள் வைத்த நாடா மெதுவாக இறுகினாலும் பத்திரமானது. அதன் தொங்கும் முனையை மட்டும் மடித்துச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் செயினில் போய்ச் சிக்கும்.

பொருத்தும் மெக்கானிக் பின்னால் அமர்பவரின் கைப்பிடியையோ சாரி கார்டையோ எடுத்துவிடலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, நிரந்தரக் கைப்பிடியும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் கட்டாயம் என்கிறது. சேலை கட்டிய பெண்களும் பிள்ளைகளும் பின்னால் உட்காரும் நம் நாட்டில், எத்தனையோ உயிர்களைக் காக்கும் விதி இது. இவற்றைத் தொடாமல் பொருந்தும் அடிச்சட்டங்கள் கிடைக்கின்றன. கொஞ்சம் அலைந்தாலும் அதையே தேடி வாங்குங்கள். பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் பையால் மறைகின்றனவா என்பதையும் சுமை ஏற்றிய நிலையில் வைத்தே பார்க்க வேண்டும்.

கழற்றி மாட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆயினும் தினமும் சரக்கு ஏற்றுபவர்களுக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்கு, பூட்டும் இடமே இல்லாமல் போல்ட்டால் நேரடியாக இறுக்கிய நிலையான கேரியர்தான் சரி.