ஓடிபி கேட்காமலே போன பணமும் அதன்பின் மூன்று ஆண்டுகளும்

சென்னை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை; வீடு புதுவண்ணாரப்பேட்டையில். 2022 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், என் கிரெடிட் கார்டிலிருந்து மூன்று தடவையாக 38,460 ரூபாய் போனது. ஓடிபி வரவில்லை, நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, எந்த இணைப்பையும் தொடவில்லை. அதன்பின் அன்றாடச் செலவுகளுக்கான ஏற்பாட்டை எப்படி மாற்றினேன், அது இந்த மூன்று ஆண்டுகளில் எங்கே தாங்கியது, எங்கே தடுமாறியது என்பதை, கார்டு வைத்திருக்கும் எவருக்கும் உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

அடி பம்பில் தண்ணீர் பிடிக்க அதிகாலையில் எழுந்தபோதுதான் போனில் மூன்று குறுஞ்செய்திகளைக் கண்டேன். மூன்றும் டாலரில் எடுக்கப்பட்டவை. நம் நாட்டுத் தளங்களில் கார்டு மூலம் வாங்கினால் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு உண்டு. வெளிநாட்டுத் தளம் ஒன்று அதைக் கேட்காமல், கார்டு எண், காலாவதித் தேதி, கார்டின் பின்புறம் அச்சிட்ட ரகசிய எண்ணான சிவிவி ஆகிய மூன்றை மட்டும் வைத்தே பணத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. ஆனால் அந்த வழியைத் திறந்து வைத்திருந்தவன் நானே. தங்கை மகனின் தேர்வுக் கட்டணத்தை 2021இல் வெளிநாட்டுத் தளத்தில் செலுத்துவதற்காக, வங்கியின் ஆப்பில் 'சர்வதேசப் பயன்பாடு' என்ற சுவிட்சைப் போட்டேன். வேலை முடிந்ததும் அதை அணைக்கவில்லை. ஒன்றரை ஆண்டு அது அப்படியே கிடந்தது.

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு முதலில் ஆப்பில் கார்டை பிளாக் செய்தேன். பிறகு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர், "சார், ஓடிபி இல்லாம ட்ரான்சாக்ஷன் போகாது, நீங்க யாருக்காவது சொல்லியிருப்பீங்க. ஸ்டேட்மென்ட் வந்ததும் டிஸ்ப்யூட் போடுங்க" என்றார். ஸ்டேட்மென்ட் வர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அவர் சொன்னபடி காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது. ஏனெனில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்டு, அப்போது நடைமுறையில் இருந்த சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் வெளியாள் ஒருவர் பணம் எடுத்திருந்தால், தகவல் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை; நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு ஒரு பரிமாற்றத்தில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை அவர் தலையில் விழும்; ஏழு நாள் கடந்துவிட்டால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான் முடிவு. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள் கணக்கில் வராது என்றாலும், அன்று காலையிலேயே புகார் எண்ணை வற்புறுத்தி வாங்கினேன். அதே நேரத்தில் மூன்று குறுஞ்செய்திகளின் படங்களையும் இணைத்து மின்னஞ்சலும் அனுப்பினேன். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். பணம் வெளிநாட்டுக்குப் போய்விட்டதால் அதை முடக்க வழியில்லை என்றாலும், அந்தப் பதிவின் ஒப்புகை எண் பின்னால் ஆவணமாக நின்றது. வாயால் சொன்ன புகாருக்கும் எழுத்தில் போன புகாருக்கும் உள்ள வேறுபாட்டை அடுத்த நான்கு மாதம் எனக்கு நன்றாகக் காட்டியது.

அந்தச் சுற்றறிக்கை சொன்ன பத்து வேலை நாட்களுக்குள், ஒன்பதாவது நாளில், தற்காலிக வரவாகப் பணம் திரும்பியது. பலரும் இத்துடன் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனக்கோ, எழுபது நாள் கழித்து, கார்டின் விவரங்கள் சரியாகக் கொடுக்கப்பட்டிருப்பதால் பொறுப்பு வாடிக்கையாளருடையதே என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. தற்காலிகமாக வரவு வைத்த பணத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த ஸ்டேட்மென்டில் வட்டியும், தாமதக் கட்டணமும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஏறி நின்றன. நான் என் உண்மையான செலவுக்கு உரிய தொகையை மட்டும் கெடுவுக்குள் செலுத்திவிட்டு, எதை, எதற்காகச் செலுத்தவில்லை என்பதையும் எழுதி அனுப்பினேன். வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொன்னது. மோசடி என்று மறுக்கப்பட்ட தொகைக்கு, பிரச்சினை தீரும்வரை கட்டணம் எதுவும் விதிக்கக்கூடாது என்று கார்டுகளுக்கான 2022ஆம் ஆண்டு விதிமுறை சொன்னது. இவ்விரண்டையும் மேற்கோள் காட்டி, நான் சம்மதித்தேன் என்பதற்கு வங்கியிடம் உள்ள சான்று என்ன என்ற ஒரே கேள்வியை மூன்று கடிதங்களில் கேட்டேன். பதில் இல்லை. புகார் கொடுத்து 30 நாட்களுக்கு மேல் ஆகியிருந்ததால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியே மனு போட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மார்ச் கடைசியில் அசல், வட்டி, தாமதக் கட்டணம், வரி அனைத்தும் திரும்பின.

பணம் திரும்பினாலும், இன்னொரு முறை இந்த அலைச்சலைத் தாங்க முடியாது என்ற எண்ணம் நிலைத்தது. விழிப்பாக இருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இரவில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தூங்குகிறவன் எப்படி விழிப்பாக இருப்பது? ஆகவே நான் பார்க்காதபோதும் காக்கிற ஏற்பாடு வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புதிய கார்டில் சர்வதேசப் பயன்பாடு அணைந்தே இருக்கிறது. 2020 ஜனவரியில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவால், ஆன்லைன், வெளிநாடு, தொட்டுச் செலுத்துவது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே திறக்கவும் மூடவும், வரம்பு வைக்கவும் நமக்கு உரிமை உண்டு. தொட்டுச் செலுத்தினால் 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது என்பதால் அதை மூடிவிட்டேன். ஆன்லைன் வரம்பு 3,000 ரூபாய். பெரிய பொருள் வாங்கும் நாளில் உயர்த்தி, வாங்கியதும் இறக்குகிறேன். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சிவிவி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். கார்டு எண்ணைக் கடைகள் சேமிக்கக்கூடாது என்ற விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது நல்லதே என்றாலும், அதற்கு முன் பல தளங்களில் கொடுத்து வைத்திருந்தவற்றை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினேன். தானியங்கிப் பிடித்தங்களின் பட்டியலையும் அப்போதுதான் முதன்முறையாகத் திறந்து பார்த்தேன்; மறந்தே போயிருந்த இரண்டு சந்தாக்கள் அதில் இருந்தன.

யுபிஐ பக்கம் செய்த மாற்றம் இதைவிட எளியது, பயனோ பெரியது. சம்பளக் கணக்கை யுபிஐயிலிருந்து முழுவதும் பிரித்துவிட்டு, வேறொரு சிறிய சேமிப்புக் கணக்கை மட்டும் இணைத்தேன். திங்கள்கிழமைதோறும் அதில் 3,000 ரூபாய் போடுகிறேன். டீ, காய்கறி, ஷேர் ஆட்டோ, மெட்ரோ எல்லாம் அதிலிருந்துதான். போன் தொலைந்தாலும், பின் எண் களவு போனாலும், போகக்கூடியது அந்த வாரத்தின் மிச்சம் மட்டுமே. வாரக் கடைசியில் பணம் தீர்ந்து, கடைக்காரர் முன் நிற்க நேர்ந்ததும் உண்டு. அந்தச் சங்கடத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஏற்க முடியாத சங்கடம் ஒன்று 2024இல் நேர்ந்தது. அம்மாவுக்கு இரவில் மூச்சுத்திணறல் வந்து, இராயபுரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பணம் 25,000 ரூபாய் கேட்டார்கள். ஸ்வைப் மெஷினில் கார்டைச் செருகினால் மறுத்துவிட்டது. அதற்கும் நான் 10,000 ரூபாய் என்று வரம்பு வைத்திருந்தேன். பில் கவுன்டர் கீழ்த்தளத்தில் இருந்ததால் ஆப் திறக்க சிக்னல் இல்லை. மாடிப்படி ஏறி வெளியே வந்து, வரம்பை உயர்த்தி, மறுபடி இறங்கிச் செலுத்துவதற்குள் பத்து நிமிடம் கரைந்தது. அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவில்லை. மெஷினில் செருகுவதற்குக் கார்டும் கையில் இருக்க வேண்டும், பின் எண்ணும் தெரிய வேண்டும். களவுக்கு இடம் அங்கே குறைவு. எனவே அந்த வரம்பை மட்டும் முழு லிமிட்டுக்கு விட்டுவிட்டேன். பூட்டு போடும்போது எந்தக் கதவு அவசரத்துக்கு வேண்டும் என்று பார்த்துப் போட வேண்டும் என்பதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

காசிமேட்டில் நாங்கள் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவுக்கு இதே போன்ற ஏற்பாட்டைச் சென்ற ஆண்டு செய்து கொடுத்தேன். பணம் அனுப்பிவிட்டதாக ஒருவர் போனில் படத்தைக் காட்டி, ஒரு கூடை வஞ்சிரத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார். பணம் வரவே இல்லை. அதன்பின், பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் சவுண்ட் பாக்ஸ் சொன்னால்தான் மீன் கைமாறும் என்று அக்கா வைத்துக்கொண்டார். ஆனால் கியூஆர் அட்டை இணைந்திருந்த கணக்கில்தான் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணமும் இருந்தது. பணம் வாங்க பின் எண் போடத் தேவையே இல்லை, யாராவது போடச் சொன்னால் அது பணம் போகும் வழி என்று சொன்னபோது, "அப்ப தம்பி, போன வாரம் ஒருத்தன் போட்டா பணம் வரும்னான், நான் கண்ணாடி இல்லாததால போடல" என்றார். அன்று மாலையே இருவரும் வங்கிக்குப் போய், கட்டணப் பணத்துக்கு யுபிஐ இணைக்காத தனிக் கணக்கு திறந்தோம்.

இப்போது மாதம் ஒருமுறை, ஸ்டேட்மென்ட் வரும் நாளில், கடைக் கணக்கைப் பார்ப்பதுபோல வரி வரியாகப் பில்லோடு ஒப்பிட்டு டிக் போடுகிறேன். அத்துடன் ஆப்பில் உள்ள சுவிட்சுகளையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். தங்கை மகனுக்கு அடுத்த மாதம் இன்னொரு தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. சர்வதேச சுவிட்சைத் திறந்து, கட்டணம் கட்டிய உடனே அதை அணைக்கச் சொல்ல, அவனும் அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.