பைரேட்ஸ் வீக், கேமன் தீவுகள்: கப்பலுக்கு ஒரு மாலை போதும், ஊர்களுக்கு நேரம் வையுங்கள்

கரீபியன் தீவான கிராண்ட் கேமனில் குடியிருந்தால் நவம்பரில் ‘பைரேட்ஸ் வீக்’ என்ற இந்தக் கடற்கொள்ளையர் திருவிழாவிலிருந்து தப்ப முடியாது. சுற்றுலாக் கூட்டம் குறைந்திருக்கும் மாதத்துக்கு ஆள் சேர்க்க 1977-இல் ஆரம்பித்தது. விளம்பரத்தில் வருவதெல்லாம் ஒரே காட்சிதான்: கறுப்புக்கொடி கட்டிய கப்பல் தலைநகர் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துக்குள் நுழையும், வெடிச்சத்தம், கத்திச்சண்டை, கடைசியில் ஆளுநரைச் சிறைபிடித்து ஊர்வலம். சத்தமும் கும்மாளமுமாக நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் ஒருமுறை பார்த்தால் போதும்.

துறைமுகம் மேற்குப் பார்த்தது. கப்பல் வருவது பிற்பகல். கரையில் நேராக நின்று படம் எடுத்தால் கப்பல் வெறும் கறுப்பு நிழலாகத்தான் விழும். ஹார்பர் டிரைவ் சாலையின் வடக்கு அல்லது தெற்கு ஓரமாகப் போய்ப் பக்கவாட்டில் நில்லுங்கள். நவம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். அன்று அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே மேல். கைக்குழந்தை இருந்தால் சத்தம் தடுக்கக் காதுக்கு மஃப் அவசியம்.

இந்தக் கப்பல் காட்சி கெடுவது பெரும்பாலும் கடலால்தான். வடக்கிலிருந்து குளிர்க்காற்று இறங்கும் நாட்களில் வடமேற்கு அலை நேராக இந்த மேற்குக் கரையில் மோதும். அப்போது பயணிகள் கப்பல்களின் படகுகளையே தென்கரையில் உள்ள ஸ்பாட்ஸுக்குத் திருப்பிவிடுவார்கள். நாடகக் கப்பல் எம்மாத்திரம்? புயல் பருவமும் நவம்பர் 30 வரை உண்டு. 2008-இல் பலோமா புயல் பக்கத்துத் தீவான கேமன் பிராக்கைப் புரட்டிப் போட்டது நவம்பர் 8-ஆம் தேதி. எனவே முதல்நாள் இரவு வானிலை பார்க்காமல் வெளியூர் விருந்தாளிகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேஷம் போடுபவர்கள் செய்யும் தவறு வெல்வெட் கோட்டு. நவம்பரிலும் 28, 29 டிகிரி, போதாததற்குப் புழுக்கம். தளர்வான பருத்திச் சட்டை, இடுப்பில் துணிப்பட்டை, தலைக்குட்டை போதும். சன்ஸ்கிரீன் பூசிக் கால் மணி நேரம் ஊறிய பிறகு முகச்சாயம் பூசுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டும் வழிந்துவிடும். வாள் ஃபோமாக இருக்கட்டும்.

உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டியது, ஒவ்வொரு மாவட்டமும் தன் பழைய வாழ்க்கையைக் காட்டும் பாரம்பரிய நாட்களில். கொள்ளையர் கதை இந்தத் தீவில் மெலிசானது. அவர்கள் இங்கே வந்தது பெரும்பாலும் ஆமைக்கும் குடிநீருக்கும்தான். பேர்போன கொள்ளையன் பிளாக்பியர்டு கிராண்ட் கேமன் பக்கம் பிடித்ததாகச் சொல்லப்படுவதும் ஓர் ஆமைப்படகைத்தான். இந்த மக்களின் பிழைப்பு கயிறு, படகு, ஆமை. அதைப் பார்க்க ஊர்களுக்குத்தான் போக வேண்டும்.

கயிறு திரிப்பதைத் தவறவிடாதீர்கள். சில்வர் தாட்ச் பனையின் விரியாத குருத்தோலையை உலர்த்தி, கிழித்து, புரியாக முறுக்குகிறார்கள். மூன்று புரிகளையும் கைப்பிடி சுற்றும் கருவியில் மாட்டி, மறுமுனையை ஒன்றாகக் கட்டி, நடுவில் பள்ளம் வெட்டிய கட்டை ஒன்றை வைத்து நகர்த்திக்கொண்டே போவார்கள். கட்டைக்காரர் அவசரப்பட்டால் கயிறு தொளதொளவென்று வரும். உப்புத்தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகாது என்பதால் ஜமைக்காவில் இதற்கு நல்ல கிராக்கி இருந்தது.

பக்கத்திலேயே ‘கபூஸ்’ என்ற பழைய அடுப்பு இருந்தால் நின்று பாருங்கள்: மணல் நிரப்பிய மரப்பெட்டி, மணல்மேல் விறகு, அதன்மேல் சட்டி. துருவிய மரவள்ளி, தேங்காய்ப்பால், பழுப்புச் சர்க்கரை சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் ஹெவி கேக்கை முற்பகலிலேயே வாங்கிவிடுங்கள். நம் நாக்குக்கு அது அந்நியமே இல்லை. சங்குச்சதைக் கறியும் இப்போதுதான் நன்றாக இருக்கும். சங்கு எடுக்க அனுமதி நவம்பர் 1-இல்தான் தொடங்குகிறது. ஆமைக்கறி விற்பது இங்கே சட்டப்படி சரி, ஆனால் ஆமை ஓட்டில் செய்த எதையும் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. சைவர்கள் கவனம்: பீன்ஸ் சோற்றில் உப்பிட்ட இறைச்சி போடும் வழக்கம் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். கறிப்பலா, வாழைக்காய் வறுவல் ஆபத்தில்லை.

விலைப்பலகையில் இருப்பது கேமன் டாலர். அமெரிக்க நோட்டு நீட்டினால் டாலருக்கு 80 காசு கணக்குதான்; 15 என்று எழுதியிருந்தால் 18.75 அமெரிக்க டாலர். மீதி கேமன் பணமாகத்தான் வரும். சில்லறையோடு போங்கள், எல்லாக் கடையிலும் கார்டு எடுபடும் என்று நம்பாதீர்கள். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். தண்ணீர், பால், குழந்தைக்கு டயப்பர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

இப்போது மற்ற இரு தீவுகளான கேமன் பிராக்குக்கும் லிட்டில் கேமனுக்கும் திருவிழா தனித்தனி வார இறுதியில். நெரிசல் பிடிக்காதவர்களுக்கு அவையே தேவலை. லிட்டில் கேமனுக்குப் போவது சின்ன ட்வின் ஓட்டர் விமானம், இருக்கைகள் கொஞ்சம்தான். அட்டவணை வெளியான அன்றே டிக்கெட் போடுங்கள், தங்குமிடம் உறுதியான பிறகு மட்டும்.