நட்சத்திரமா, பாரமா? வேகன் ஆரை விட்டு அக்ஸியோ எடுத்த காரணம்

மாதம் ஒருமுறை அம்மாவைக் கண்டிக்குக் கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும். நேரத்துக்கு நம்பர் எடுப்பதென்றால் திருகோணமலையிலிருந்து இரவு இரண்டு மணிக்கே வெளிக்கிட வேண்டும். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று பெரும்பாதித் தூரம் இருட்டில்தான். அதற்காகக் கார் தேடியபோது கடைசியில் இரண்டு நின்றன: 2017 சுசுகி வேகன் ஆர், 2015 டொயோட்டா அக்ஸியோ. எடுத்தது அக்ஸியோ.

பெட்ரோலில் வேகன் ஆர் மிச்சம். டவுனுக்குள் திருப்பவும் நிறுத்தவும் அதுதான் சுகம். அதில் பேச ஒன்றுமில்லை. என் முடிவைத் தீர்மானித்தது மோதல் சோதனைகளைப் பற்றி உட்கார்ந்து வாசித்ததுதான்.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நீண்ட காலம் நடந்த முன்பக்கச் சோதனை இப்படி: அசையாத தடுப்பில் தேன்கூடு போன்ற அலுமினியக் கட்டையைப் பொருத்தி, காரை மணிக்கு 64 கிலோமீற்றரில் ஓடவிட்டு, முகப்பின் 40 வீதம் மட்டும் இடிபடச் செய்வார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, தடுப்பு நகராது என்பது. பாரம் குறைந்த கார் குறைந்த விசையோடு வந்து இடிக்கும், பாரமான கார் கூடிய விசையோடு இடிக்கும். அதாவது ஒவ்வொரு காரும் தன் பாரத்தைத் தானே தாங்குகிறதா என்ற பரீட்சை அது. அதனால்தான் வெவ்வேறு அளவுக் கார்களின் முன்பக்க மதிப்பெண்களையும் அவற்றை வைத்துக் கொடுக்கும் நட்சத்திரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது.

றோட்டில் எதிரே வருவது தடுப்பு இல்லையே. வேகன் ஆர் ஏறக்குறைய 800 கிலோ, அக்ஸியோ 1,100 கிலோ. இரண்டும் மணிக்கு 50 கிலோமீற்றரில் வந்து நேருக்கு நேர் மோதினால், கணக்குப்படி வேகன் ஆரின் வேகம் கண நேரத்தில் 58 கிலோமீற்றர் மாறும், அக்ஸியோவுக்கு 42. உள்ளே இருப்பவரின் உடம்பு வாங்குவது அந்த மாற்றத்தைத்தான். 2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் இதை உண்மையான கார்களை வைத்தே செய்து பார்த்தது. அவர்கள் யாரிஸ் என்று சொல்வது எங்கள் விட்ஸ். தடுப்புச் சோதனையில் நல்ல பெயர் வாங்கிய அந்தக் கார், அதே கம்பனியின் கம்ரியோடு மோதியபோது மோசம் என்ற தரத்துக்கு இறங்கியது. ஹொண்டா ஃபிட்டுக்கும் ஸ்மார்ட் காருக்கும் அதே கதி. 2020இலிருந்து ஐரோப்பாவில் தடுப்பையும் நகர வைத்துவிட்டார்கள்: 1,400 கிலோ வண்டில் ஒன்று 50இல் எதிரே வரும். நான் பார்த்த இரண்டு காரும் அதற்கு முந்தியவை.

சரி, லொறி வந்தால்? பத்துத் தொன் லொறியோடு அதே வேகத்தில் மோதினால் அந்த வேக மாற்றம் வேகன் ஆருக்கு 93, அக்ஸியோவுக்கு 90. முந்நூறு கிலோ அங்கே செல்லாது. லைட் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் டிப்பரின் பின்பக்கம் இன்னும் கொடுமை: காரின் பலமான சட்டத்துக்கு மேலால் தட்டு உள்ளே வந்துவிடும். ஆகவே நான் வாங்கிய கூடுதல் பாதுகாப்பு கார், வான், முச்சக்கரவண்டி மட்டுக்கும்தான். எங்கள் பாதையில் அவையும் ஏராளம்.

கந்தளாய்ப் பக்கம் இரவில் றோட்டில் படுக்கும் மாடுகளும் மனதில் இருந்தன. நிற்கிற மாட்டின் காலைத்தான் பம்பர் அடிக்கும், உடம்பு பொனட் மேலேறிக் கண்ணாடிக்கு வரும். வேகன் ஆரில் கண்ணாடி காரின் மூக்குக்குக் கிட்ட. இது நான் யோசித்துச் சொல்வது, பட்டுச் சொல்வதில்லை. வேகன் ஆர் சேஃப்டி மாடலில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி உண்டு, மோதலையே தவிர்த்தால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒரேயொரு பகல்தான் அதை ஓட்டினேன், எனவே அதற்கு நான் மார்க் போடவில்லை.

இன்னொன்று. சோதனைக்குப் போவது புதுக் கார், நாங்கள் வாங்குவது பலர் கை மாறியது. சாவியைத் திருப்பியதும் ஏயார்பேக் லைட் எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம். நான் முதலில் பார்த்த அக்ஸியோவில் அது எரியவில்லை. விலை நல்ல மலிவு, இருந்தும் விட்டுவிட்டு இன்னும் ஐந்து கிழமை தேடினேன்.