சால்ஸ்பரி செயின்ட் தாமஸ் சர்ச்: கதீட்ரலோட திரும்பிடாதீங்க

இங்கிலாந்துல இருக்கற சால்ஸ்பரி ஊருக்குப் போறவங்க பாதிப்பேர் கதீட்ரல் மட்டும் பாத்துட்டு கிளம்பிடுறாங்க, மார்க்கெட் பக்கத்துலயே இருக்கற இந்த சர்ச்சுக்குள்ள அரை மணி நேரம் போய்ட்டு வாங்க ப்ளீஸ். உள்ள நுழைஞ்சதும் எதிர்ல பெரிய வளைவுக்கு மேல சுவர் முழுக்க ஒரே ஓவியம், இறுதித் தீர்ப்பு நாள், 1470கள்ல வரைஞ்சது. வானவில் மேல இயேசு, இடது பக்கம் கல்லறையில இருந்து எழுந்து வர்றவங்க, வலது பக்கம் வாயைப் பொளந்துட்டு நிக்கற நரகம், அங்க பீர் வித்த பொம்பள ஒருத்தி ஜாடியும் கையுமா நிக்கறா, அவளைத்தான் நான் ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். 1593ல சுண்ணாம்பு பூசி மறைச்சது, 1819லதான் திரும்ப வெளிய தெரிஞ்சுது. 1881ல மேல பூசின வர்ணம் கொஞ்சம் அதிகம்னு எனக்குத் தோணும், ஆனா 2019ல அழுக்கெடுத்து சுத்தம் பண்ணப்புறம் சிவப்பும் பச்சையும் அவ்ளோ தெளிவா இருக்கு. பைனாகுலர் இருந்தா கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க. அஞ்சுக்கு அஞ்சு.