வடசென்னை சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: அந்த நானூறு ரூபாய் ஆட்டோ

தனியாக வடசென்னை பார்க்கக் கிளம்புகிறவர்கள், அதிலும் என்னைப் போல வெளியூர்ப் பெண்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ராயபுரம் ரயில் நிலைய வாசலில் நானூறு ரூபாய் என்று பேசி ஏறிய ஆட்டோவுக்கு, திருவொற்றியூரில் 1,500 ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் என் பையை வாங்க முடிந்தது. அடித்துப் பிடுங்கவில்லை, மிரட்டக்கூட இல்லை. சிரித்துப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து, கடைசியில் வாங்கினார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 24. கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 14,000. வீட்டுக்குக் கொடுத்தது, சீட்டுக் கட்டியது எல்லாம் போக, மாதம் ஆயிரம் வீதம் ஐந்து மாதம் ஒதுக்கி வைத்து 5,000 ரூபாயோடு சென்னைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது மெரினாவையும் வண்டலூரையும் காட்டித் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். நான் பார்க்க ஆசைப்பட்டது திருவொற்றியூர். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சொன்ன கதைதான் காரணம்.

சிவனடியார் சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்டிக்கொள்ளும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் செய்த சத்தியத்தை மீற முடியாதே என்று, அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்கிறார். சிவன் சங்கிலியார் கனவில் போய், மகிழடியில் வைத்துச் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். பிறகு சொல்லை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போய்விடுகிறது. அந்த மகிழ மரத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை.

தங்கியது தண்டையார்பேட்டையில், பெரியம்மா மகள் வீட்டில். அக்காவுக்குச் சனிக்கிழமையும் வேலை. "மத்தியானம் வந்துடறேன், சேர்ந்து போலாம்டி" என்றாள். நான்தான் கேட்கவில்லை. ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து மின்சார ரயிலில் ராயபுரம் வந்து இறங்கினேன். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. சென்ட்ரல் எல்லாம் அதற்குப் பதினேழு வருடம் கழித்து வந்தது. அந்தப் பழைய கட்டிடத்தின் உயரமான தூண்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவ்வளவு கூட்டம் இல்லை. ஊருக்குப் புதுசு என்று பார்த்த உடனே தெரிந்திருக்கும்.

"இன்னா பாப்பா, தனியா வந்துக்கிறியா?"

எங்கள் அப்பா வயது இருக்கும். காக்கிச் சட்டை, நெற்றியில் விபூதி. திருவொற்றியூர் போக வேண்டும் என்றேன். "கோயில் மட்டும் இன்னாத்துக்கு? தோ பாரு, இங்க சர்ச்சு, காசிமேடு, பட்டினத்தார் சமாதி, கோயிலு, எல்லாம் காட்டிட்டு உன்ன வூட்டாண்ட விட்டுர்றேன். நானூறு ரூபா குடு."

"மொத்தத்துக்குமாங்கண்ணா?" என்று கேட்டேன். கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"உன்கிட்ட நான் அதிகமா வாங்குவனா பாப்பா? என் பொண்ணு மாதிரி இருக்க."

ஏறிவிட்டேன். அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான், நான் கேட்ட கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கணக்கு எழுதுகிறவள். பில்லில் வரி மொத்தத் தொகைக்கா, உருப்படிக்கா என்று பார்க்காமல் ஒரு நாளும் பதிந்ததில்லை. ஆனால் "என் பொண்ணு மாதிரி" என்று ஒருவர் சொன்ன பிறகு அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம்.

முதலில் ராயப்பர் கோயில் காட்டினார். ராயப்பர் என்றால் பேதுரு, அதனால்தான் இந்த ஊருக்கு ராயபுரம் என்று பேர் என்று சொன்னார். 1949இல் திமுகவை அண்ணா தொடங்கிய ராபின்சன் பூங்கா எந்தப் பக்கம் என்று கை காட்டினார். சொன்னதெல்லாம் சரியான விவரம்தான். விவரம் தெரிந்த மனிதர். வழியில் டீ வாங்கிக் கொடுத்தார், நான் நீட்டிய காசை வாங்கவில்லை. இப்போது நினைத்தால் அந்த டீதான் எனக்கு மனசில் குத்துகிறது. அதைக் குடித்த பிறகு நான் பேரம் பேசுகிற ஆளாக இல்லை, விருந்தாளியாகிவிட்டேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடியும் நேரம். தரையெல்லாம் ஐஸ் கரைந்து ஓடுகிறது. அவர் என்னை நேராக ஒரு கருவாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய், "நம்ம பொண்ணு, நல்லதாக் குடு" என்றார். நெத்திலிக் கருவாடு கிலோ 600 சொன்னார்கள். விலை அதிகமோ என்று தயங்கினேன். "இப்ப மீன்பிடித் தடைக்காலம்மா, சரக்கே வர்றதில்ல" என்றது கடை. கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். நான் நின்றது பிப்ரவரியில். எனக்குப் பத்தடி தள்ளி விசைப்படகிலிருந்து கூடை கூடையாக மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டேதான் 600 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். கரூர்க்காரிக்குத் தடைக்காலம் எப்போது என்று தெரியாது, சரி. ஆனால் எதிரே நடப்பதைக் கேள்வி கேட்கவிடாமல் என்னை வைத்திருந்தது "நம்ம பொண்ணு" என்ற அந்த ஒரு வார்த்தை.

கைத்தராசில் நிறுத்துக் கறுப்புக் கவரில் கட்டிக் கொடுத்தார்கள். கோயிலுக்குள் கருவாட்டோடு போக முடியாதே என்றதும், "பையில வச்சு வண்டிலயே வுடு பாப்பா, நான் இருக்கேன்ல" என்றார். மாற்றுத் துணி, சார்ஜர், அடையாள அட்டை எல்லாம் இருந்த பையை அப்படியே ஆட்டோவில் வைத்துவிட்டேன். பர்ஸும் போனும் மட்டும் கையில். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மற்ற எல்லாத் தவறையும்விட இதுதான் என் கையைக் கட்டிப் போட்டது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கடலை ஒட்டிப் போனோம். அலை கரைக்கு வராமல் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள், நடுநடுவே படகுகள். பட்டினத்தார் சமாதியில் ஆள் அதிகமில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், பெட்டியில் கிடைத்த காதறுந்த ஊசியைப் பார்த்து அத்தனை சொத்தையும் விட்டுவிட்டு வந்தவர், கையிலிருந்த கசக்கும் பேய்க்கரும்பு இனித்த இடம் இதுதான் என்று இங்கே தங்கினாராம். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் நிலையில்லாதது என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் விட்டுவிட்டு வருவதற்கு அவரிடம் கப்பல் கப்பலாக இருந்தது. என்னிடம் இருந்தது ஐந்து மாதம் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகாமல் மிச்சம் பிடித்த பணம். அதில் ஒவ்வொரு நூறும் எந்த நாள், எதை வேண்டாம் என்றதால் வந்தது என்று எனக்குத் தெரியும். இப்படி நான் நினைத்துக்கொண்டிருந்தபோது வெளியே ஆட்டோவில் என் பை இருந்தது.

கோயிலுக்குப் போனபோது பதினொன்றரை. ஆதிபுரீசுவரரைக் கவசத்தோடுதான் பார்த்தேன், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும்தான் கவசத்தை எடுப்பார்கள். வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு, மகிழ மரத்தடியில் நின்றேன். அம்மாயிக்காக மரத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். மனசு நிறைந்து வெளியே வந்தேன்.

"தோ பாரு பாப்பா, நாலு எடம். எடத்துக்கு நானூறு, ஆயிரத்து அறநூறு. வெயிட்டிங் முந்நூறு."

முதலில் விளையாடுகிறார் என்றே நினைத்தேன். நானூறுதானே பேசினீர்கள் என்றேன். "எடத்துக்குத்தாம்மா சொன்னேன். நானூறு ரூபாய்க்கு எவன் அரை நாளு சுத்துவான்?" குரல் உயரவே இல்லை. ஆனால் பாப்பா இப்போது அம்மா ஆகிவிட்டது. பையை எடுக்கக் கை நீட்டினேன். அவர் பின் சீட்டில் பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கத்திலிருந்த இன்னொரு ஆட்டோக்காரர், "வயசானவரும்மா, குடுத்துட்டுப் போ" என்றார். போலீஸில் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். "போலாமே. ஏறு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அந்த வண்டியில் திரும்ப ஏற எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் அது தெரியும். கடைசியில் 1,500க்கு இறங்கி வந்தார். க்யூஆர் அட்டையை நீட்டினார், அதில் வேறு யாரோ பெயர் வந்தது, "வீட்டம்மா" என்றார். அனுப்பினேன். கை நடுங்கியதில் பின் நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். பையை எடுத்துக்கொண்டு, வண்டி எண்ணைக்கூடப் பார்க்காமல் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

தேரடி மெட்ரோ நிலையம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். காலையில் தண்டையார்பேட்டையிலிருந்து அதே மெட்ரோவில் நேராக இங்கேயே வந்து இறங்கியிருக்கலாம். மாநகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே கிடையாது. இதெல்லாம் அக்கா முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. கருவாட்டுக் கவரை வாங்கிக்கொண்டு நேராகத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய் எலக்ட்ரானிக் தராசில் வைத்தாள். 710 கிராம். மேலே நல்ல நெத்திலி, அடியில் ஈரமும் மணலும். சலித்தெடுத்ததில் ஒரு கை மணல் வந்தது. "இதே நெத்திலி நான் மார்க்கெட்டுல முந்நூத்தம்பதுக்கு வாங்கறேன்டி" என்றாள். ஆட்டோக்காரருக்கு அந்தக் கடையில் எவ்வளவு கமிஷன் என்று எனக்குத் தெரியாது. இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12, காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு 3.50. வீடு வரைக்கும் அவர் கொண்டுவந்து விட்டிருந்தால்கூட மொத்தம் 13 கிலோமீட்டர் வரும், நின்றது இரண்டு மணி நேரம். 245 ரூபாய்கூட வரவில்லை. அந்தக் கட்டணம் பழையது, பெட்ரோல் எங்கேயோ போய்விட்டது, அந்த ரேட்டில் யாரும் ஓட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நானூறு என்றதும் நியாயமாகப் பட்டது. எழுநூறு என்று முதலிலேயே கேட்டிருந்தால், யோசித்துவிட்டு, கட்டாது என்று பஸ்ஸில் போயிருப்பேன், அல்லது மனசார ஒப்புக்கொண்டு கொடுத்திருப்பேன். என் கோபம் தொகையின் மேல் மட்டும் இல்லை. கருவாட்டில் போனதையும் சேர்த்தால் மூன்று நாள் சம்பளத்துக்கு மேல். அதைவிட, அந்த முடிவை எடுக்கும் உரிமையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டதுதான் ஆறவில்லை.

எனவே போகிறவர்கள், ஏறும் முன் "மொத்தம் நானூறு, நாலு இடம், காத்திருப்பும் சேர்த்து, வீடு வரைக்கும்" என்று முழுசாகச் சொல்லி, "ஆமாம்" என்ற வார்த்தையை வாங்குங்கள். சங்கிலியார் வாங்கியதுபோல, எங்கே வைத்து எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்ல வையுங்கள். அவர் பேச்சை மாற்றினால் ஏறாதீர்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டில் யாருக்காவது அவர் எதிரிலேயே அனுப்புங்கள். நல்லவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பையை இறக்கிக்கொள்ளாமல் எங்கும் போகாதீர்கள். தகராறு என்றால் நின்ற இடத்திலிருந்தே 112க்குப் போன் செய்யுங்கள், அதே வண்டியில் போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூட ஏறாதீர்கள். கோயில் வாசல், பூக்கடை, ஆள் நடமாட்டம் எல்லாம் இருந்தது. நான் சத்தமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் பூக்காரம்மாவாவது எழுந்து வந்திருப்பார். நான் சத்தம் போடவில்லை. புகாரும் கொடுக்கவில்லை, மறுநாள் ராத்திரி பஸ் இருந்தது. கொடுத்திருக்க வேண்டும். பணம் அனுப்பிய விவரம் போனில் இருக்கும்போது ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை என்று மாமா இப்போதும் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு தம்புச்செட்டித் தெரு காளிகாம்பாளையும் கோட்டை அருங்காட்சியகத்தையும் பார்த்தேன். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது ஏறிய ஆட்டோக்காரர், பேசிய தொகையை வாங்கிக்கொண்டு, மிச்சம் பத்து ரூபாயைச் சட்டைப்பையில் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் வடசென்னைக்காரர்தான். இந்த ஊர் ஆட்டோக்காரர்கள் எல்லோரையும் சேர்த்துக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இனி தனியாக எங்கும் விடமாட்டார். கவசம் எடுக்கும் கார்த்திகைப் பௌர்ணமிக்கு அம்மாவைத் திருவொற்றியூருக்குக் கூட்டிப்போக மறுபடியும் மாதம் ஆயிரம் எடுத்துவைக்க ஆரம்பித்திருக்கிறேன். மெட்ரோவில் தேரடியில் இறங்கி, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போவோம்.